விற்ற வீட்டுக் காசு எங்கே போனது?

2025 நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள். தென் லண்டனில் தமிழ்ப் பள்ளி நடக்கும் ஒரு மண்டபத்தின் மூலையில் மேசை போட்டு, கவுன்சில் (உள்ளூராட்சி) கடிதம், பென்ஷன் படிவம் என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு நானும் இன்னும் இருவரும் உதவுவது வழக்கம். அன்று வந்தவர் 74 வயது அம்மா ஒருவர், கூடவே மகள். கையில் பிளாஸ்டிக் கோப்பு. அதன் மேலே கவுன்சில் அனுப்பிய இரண்டு பக்கக் கடிதம். அம்மாவின் வங்கிக் கணக்கில் இருந்தது 13,400 பவுண்ட். கடிதமோ அவரிடம் 68,400 பவுண்ட் இருப்பதாகக் கணக்குப் போட்டிருந்தது. 16,000க்கு மேல் இருப்பதால் ஹவுசிங் பெனிபிட் (வாடகைக்குக் கவுன்சில் தரும் உதவித்தொகை) கிடையாது, அவ்வளவுதான்.

"இல்லாத காசை இருக்கு எண்டு எழுதியிருக்கினம் தம்பி" என்றார். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

அடையாளம் தெரியாமலிருக்க இந்தக் குடும்பத்தின் விவரங்களையும் தொகைகளையும் மாற்றி எழுதுகிறேன். விதிகளும் அரசு அறிவித்த தொகைகளும் மட்டும் 2025-26 நிதியாண்டில் இருந்தபடியே.

வீடு போன கதை

2005இல் அம்மாவும் கணவரும் வாங்கிய மூன்று படுக்கையறை டெரஸ் வீடு. வட்டி மட்டும் கட்டுகிற மார்ட்கேஜ். அந்தக் காலத்தில் நம்மவர்கள் பலர் எடுத்தது அதுதான். மாதக் கட்டணம் குறைவு, கடன் வாங்கிய முதல் தொகையை இருபது வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் வீட்டு விலை எங்கோ போய்விடும் என்று நினைத்தார்கள். விலையும் ஏறத்தான் செய்தது. ஆனால் இருபது வருடம் 2025இல் முடிந்தபோது கணவர் இல்லை, காலமாகி நான்கு வருடம். முதல் தொகை 268,000 பவுண்ட் அசையாமல் நின்றது. அதற்கு மேல், 2012இல் மகனுடைய கடைக்காக வீட்டை ஈடு வைத்து எடுத்த இரண்டாவது கடன் 61,500. கடை மூன்று வருடத்தில் மூடிவிட்டது. கடன் மூடவில்லை.

ஈக்விட்டி ரிலீஸ், அதாவது வீட்டை விற்காமல் அதிலேயே இருந்துகொண்டு அதன் மதிப்பின் மேல் பணம் எடுப்பது, செய்திருக்கலாமே என்று பிறகு சிலர் கேட்டார்களாம். வீடு 430,000க்கு விலை போனது. அதில் முக்கால் பங்குக்கு மேல் கடன். 74 வயதில் அவ்வளவு தொகையை எந்த ஈக்விட்டி ரிலீஸும் தராது. விற்பதைத் தவிர வழியில்லை என்பதுதான் என் கணிப்பும். ஏப்ரல் நடுவில் விற்று, இரண்டு கடனையும் அடைத்து, ஏஜென்டுக்கும் சொலிசிட்டருக்கும் 8,500 கொடுத்தபின் கையில் நின்றது 92,000.

விற்பதற்கு முன் வீட்டில் மூன்று யோசனைகள் ஓடியிருக்கின்றன. யாரிடமும் கேட்காமலே அவற்றில் ஆபத்தான இரண்டைத் தவிர்த்துவிட்டார்கள். அதற்குக் காரணம் சட்ட அறிவு அல்ல, மகனின் காசில்லாமையும் அம்மாவின் முழங்காலும்.

முதல் யோசனை, மகனே வீட்டை வாங்கி, அம்மா அதே வீட்டில் வாடகைக்கு இருப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹவுசிங் பெனிபிட் விதிகளில் இதற்கென்றே ஒரு கதவு அடைக்கப்பட்டிருக்கிறது: ஒருவர் தனக்கோ தன் துணைக்கோ சொந்தமாக இருந்த வீட்டில் வாடகைக்கு இருந்தால், உரிமை கைமாறி ஐந்து வருடம் ஆகும்வரை அந்த வாடகைக்கு உதவி கிடையாது. உரிமையை விடாமல் அங்கே தொடர்ந்து இருந்திருக்கவே முடியாது என்று காட்டினால் மட்டும் விலக்கு. மார்ட்கேஜ் முடிந்துபோன இந்த அம்மா அந்த விலக்கைக் கேட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் வாங்கியவர் சொந்த மகன் என்கிறபோது, பெனிபிட் எடுப்பதற்காகவே உருவாக்கிய வாடகை ஒப்பந்தமா இது என்ற அடுத்த கேள்வியும் வரும். மகனுக்கு அந்த வீட்டை வாங்கும் வசதியும் இல்லை. யோசனை அங்கேயே நின்றது.

இரண்டாவது, மகள் வீட்டில் ஓர் அறை. மகளுக்கு மாத வாடகை கொடுத்து, அதற்குப் பெனிபிட் கேட்பது. நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கிற தப்பு இதுதான். வீட்டுக்காரர் நெருங்கிய உறவினராக இருந்து, அவரும் அதே வீட்டில் குடியிருந்தால் ஹவுசிங் பெனிபிட் அறவே இல்லை. பெற்றோர், பிள்ளை, மருமகன், மருமகள், சகோதரம் எல்லாரும் இந்த நெருங்கிய உறவில் அடக்கம். ஒப்பந்தம் எழுதி, வங்கி வழியாகவே காசு கொடுத்தாலும் பயனில்லை. பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு தரும் கூடுதல் தொகை) வாங்குகிறவர்களுக்கும் இதே கதிதான், ஏனென்றால் இந்தத் தடைக்கும் வருமானத்துக்கும் சம்பந்தமே இல்லை. மகள் தான் குடியிருக்காத வேறொரு வீட்டைச் சந்தை நிலவரப்படி வாடகைக்கு விட்டிருந்தால் கதை வேறு. அப்போதும் உண்மையான வாடகை உறவுதானா என்று துருவித்தான் பார்ப்பார்கள்.

மகள் வீட்டில் படுக்கையறைகள் எல்லாம் மாடியில். அம்மாவால் படி ஏற முடியாது. அதனால் தரைத்தளத்தில் ஒற்றைப் படுக்கையறை பிளாட், மாதம் 1,250 வாடகை, முன்பின் தெரியாத வீட்டுக்காரர். வேலை வருமானம் இல்லாதவர் என்பதால் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்டார், கொடுத்தார்கள். இங்கிலாந்தில் 2026 மே மாதத்திலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்கக் கூடாது என்று புதுச் சட்டம் சொல்கிறது. இவர்களுக்கு அது பிந்திப் போனது.

ஆறு மாதத்தில் 92,000 எப்படிக் கரைந்தது

கோப்பைத் திறந்து, வங்கி அறிக்கைகளை மேசையில் பரப்பி, இரண்டு மணிநேரம் இந்த ஒரு கேள்வியோடுதான் உட்கார்ந்தோம். என்னைக் கேட்டால் இந்த வழக்கின் உயிர் இதில்தான். இன்று எவ்வளவு இருக்கிறது என்பது வங்கி அறிக்கையில் ஒரு வரி. இருந்தது எங்கே போனது, யாரிடம் போனது, ஏன் போனது என்பதற்குத்தான் கவுன்சில் பதில் கேட்கிறது.

கிரெடிட் கார்டுகள் 9,000. முன்வாடகை 7,500, டெபாசிட் 1,442, கட்டில், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்த்து 3,058. பல் கட்டியது 2,600. தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு மகளோடு போன யாத்திரை 4,000. இவை எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது.

கணவரின் தம்பிக்கு 15,000. 2011இல் கூரை மாற்ற அவர் கொடுத்த கடன். எழுத்தில் எதுவும் இல்லை, "சொந்தத்துக்குள்ள என்ன எழுத்து?" என்பதுதான் பதில். சீட்டுக் கடன் 6,000. முந்திய வருடமே அம்மா சீட்டை எடுத்துவிட்டார், மிச்சத் தவணைகளை வீடு விற்ற கையோடு மொத்தமாகக் காசாகக் கொடுத்துவிட்டார். ஆதாரம், சீட்டுப் பிடித்த அக்காவின் நோட்டுப் புத்தகம்.

அப்புறம் மகளுக்கு 30,000. வீடு வாங்க டெபாசிட்.

கூட்டிப் பார்த்தால் 78,600. மிச்சம் 13,400. கணக்கு ஒரு பவுண்ட் பிசகவில்லை. கவுன்சில் இதில் ரசீதுள்ள வீட்டுச் செலவையும் கார்டுகளையும் பல்லையும் ஏற்றுக்கொண்டு, மகளின் 30,000, சித்தப்பாவின் 15,000, சீட்டு 6,000, யாத்திரை 4,000 ஆகிய நான்கையும் "இன்னும் உங்களிடம் இருப்பதாகவே கருதுகிறோம்" என்று திரும்பச் சேர்த்திருந்தது. அப்படித்தான் 68,400 வந்தது.

இருப்பதாகக் கருதப்படும் பணம்

ஓய்வூதிய வயதினருக்கான ஹவுசிங் பெனிபிட்டுக்கு 2006ஆம் ஆண்டிலிருந்து தனி விதித்தொகுப்பு இருக்கிறது. அதன்படி 10,000 பவுண்ட் வரை சேமிப்பைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 500க்கும், அல்லது அதில் ஒரு பகுதிக்கும், வாரம் ஒரு பவுண்ட் வருமானம் வருவதாக எடுத்துக்கொள்வார்கள். 16,000ஐத் தாண்டினால் ஒன்றுமில்லை. பெனிபிட் பெறுவதற்காகவோ கூட்டுவதற்காகவோ ஒருவர் தன் பணத்தைக் கைவிட்டால், அந்தப் பணம் இன்னும் அவரிடமே இருப்பதாகக் கருதலாம். அது ஒரே நோக்கமாக இருக்க வேண்டியதில்லை, குறிப்பிடத்தக்க ஒரு நோக்கமாக இருந்தாலே போதும்.

இங்கே மகள் குறுக்கிட்டார். "ஏழு வருஷம் கடந்தால் கேட்கமாட்டினம் எண்டு சொல்லுகினமே அண்ணா?"

இந்த ஏழு வருடக் கதையை நான் கேட்காத மாதம் இல்லை. ஏழு வருடம் என்பது வாரிசு வரிக் கணக்கு: அன்பளிப்புக் கொடுத்தவர் ஏழு வருடம் உயிரோடிருந்தால் அந்தத் தொகை வரிக்கு வராது. பெனிபிட்டுக்கும் அதற்கும் எந்த ஒட்டுமில்லை, உறவுமில்லை. பெனிபிட் விதியில் வருடக்கணக்கே கிடையாது. பத்து வருடம் முன்பு கொடுத்ததையும் கேட்கலாம். போன மாதம் கொடுத்ததையும் நோக்கம் சரியென்றால் விட்டுவிடலாம். காலம் தள்ளத் தள்ள, பெனிபிட்டை மனதில் வைத்துக் கொடுத்தார் என்று நிரூபிப்பது கடினமாகும் என்பது மட்டும் நிஜம்.

இன்னொன்றும் கேட்டார். வீடு விற்ற காசை ஒரு வருடம் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்களாம். பாதி சரி. விற்ற காசில் இன்னொரு வீடு வாங்கும் எண்ணம் உண்மையாகவே இருந்தால், அந்தத் தொகையை ஓய்வூதிய வயதினருக்கு ஒரு வருடம் வரை ஒதுக்கிவைப்பார்கள். அம்மாவுக்கு அந்த எண்ணம் இருந்ததே இல்லை. இருந்ததாக இப்போது எழுதினால் அது பொய், எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர்களுக்குத் தெரியாமல் போன நல்ல விதி வேறு. ஓய்வூதிய வயதினர் தம் கடனை அடைத்தாலோ குறைத்தாலோ, தம் சூழ்நிலைக்குத் தகுந்த பொருளோ சேவையோ வாங்கினாலோ, அதைப் பணத்தைக் கைவிட்டதாகக் கருதக் கூடாது என்று அந்த விதித்தொகுப்பே சொல்கிறது. அப்படியானால் சித்தப்பாவின் 15,000 கடன்தானே? சீட்டு கடன்தானே? இது சட்டச் சண்டையே அல்ல, காகிதச் சண்டை.

2011ஆம் ஆண்டு வங்கி அறிக்கையைத் தேடச் சொன்னேன். மகள் இரண்டு வாரம் எடுத்து, பழைய சூட்கேஸ் ஒன்றிலிருந்து கொண்டுவந்தார். சித்தப்பாவின் பெயரில் 15,000 வரவு, அதே மாதம் கூரை வேலைக்காரருக்கு 14,200 பற்று. அதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா? சீட்டுக்கு, சீட்டுப் பிடித்தவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்: எத்தனை பேர், மாதம் எவ்வளவு, அம்மா எந்த மாதம் எடுத்தார், எவ்வளவு பாக்கி, எப்போது கொடுத்தார். நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் படமெடுத்து, அம்மா சீட்டை எடுத்த மாதம் அவருடைய கணக்கில் விழுந்த தொகையையும் சேர்த்து வைத்தோம். சீட்டு என்றால் என்ன என்று விளக்க எனக்கு அரைப்பக்கம் பிடித்தது. சூதாட்டம் அல்ல, எல்லாரும் மாதம் போட்டு ஒருவர் எடுக்கிற சேமிப்பு, முதலில் எடுத்தவருக்கு அது கடனாக நிற்கும். தமிழ் அதிகாரி யாராவது படித்தால் சிரித்திருப்பார்.

மகளின் 30,000

இதுதான் கஷ்டமான இடம்.

மகள் ஒரு யோசனையோடு வந்தார். "அதை அம்மா எனக்குத் தந்த கடன் எண்டு எழுதினால்?" வேண்டாம் என்றேன், இரண்டு காரணத்துக்காக. ஒன்று, கடன் கொடுத்திருந்தால் அது திரும்பி வரவேண்டிய அம்மாவின் சொத்து. அதற்கும் ஒரு மதிப்புப் போட்டு சேமிப்பில்தான் சேர்ப்பார்கள். இரண்டு, அது உண்மையல்ல, உண்மையல்ல என்பதற்கு எழுத்து மூலமான ஆதாரமும் இருக்கிறது. மகளுக்கு மார்ட்கேஜ் கொடுத்த வங்கி, டெபாசிட் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஒரு கடிதம் வாங்கியிருந்தது. இந்தத் தொகை அன்பளிப்பு, திருப்பித் தரவேண்டியதில்லை, வீட்டில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்று அம்மா அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். வங்கிக்கு அன்பளிப்பு, கவுன்சிலுக்குக் கடன் என்று ஒரே காசைப் பற்றி இரண்டு கதை எழுதினால் பெனிபிட் போவது மட்டுமா நடக்கும்?

ஆகவே, ஏன் கொடுத்தார் என்று அம்மாவையே கேட்டேன்.

"மகனுக்கு அவர் இருக்கேக்கையே கடைக்கு அறுபதாயிரம் குடுத்தாச்சு. இவளுக்கு ஒண்டும் குடுக்கேல்லை. வீடு வித்தால் இவளுக்கு ஒரு பங்கு எண்டு அவர் ஆஸ்பத்திரியில வைச்சும் சொன்னவர்."

பிள்ளைகளுக்குள் சமன் பார்த்துக் கொடுத்திருக்கிறார். பெனிபிட் என்ற சொல்லே அப்போது அந்த வீட்டில் எழவில்லை. வாடகைக்குக் கவுன்சில் உதவும் என்பதே ஆகஸ்டில் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியும். பணம் கொடுத்தது மே மாதம். 16,000 என்ற வரம்பே தெரியாத ஒருவர், அதற்குக் கீழே இறங்குவதற்காகப் பணத்தைக் கொடுத்தார் என்று சொல்வது எளிதல்ல. ஆனால் 74 வயதில், சொந்த வீடு இல்லாமல், வாரம் 171.30 பவுண்ட் பென்ஷனில், மாதம் 1,250 வாடகைக்குப் போகிற ஒருவர் கையிலிருந்ததில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கிக் கொடுத்தால், இனி எதை வைத்து வாழப் போகிறேன் என்று யோசித்திருக்க மாட்டாரா என்று அதிகாரி கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் வாதம் உண்டு என்பதால் அம்மாவின் வார்த்தைகளை அப்படியே எழுதி, தேதிகளோடு ஒரு வாக்குமூலமாக, ஒரு மாதக் கெடுவுக்குள் மறுபரிசீலனைக்கு அனுப்பினோம்.

தவறிய வாசல்

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தவறு நடந்திருந்தது. கவுன்சில் படிவத்தை நிரப்பிய யாரும் முதலில் பென்ஷன் கிரெடிட் கேட்கவில்லை.

பென்ஷன் கிரெடிட்டின் முதல் பகுதியான கியாரண்டி கிரெடிட் கிடைக்கிற ஒருவருக்கு, ஹவுசிங் பெனிபிட் கணக்கில் வருமானமும் சேமிப்பும் முழுதாகப் புறக்கணிக்கப்படும். 16,000 என்ற சுவரே அங்கே இல்லை. வாரம் ஒரு பவுண்ட் கியாரண்டி கிரெடிட் கிடைத்தாலும் போதும், கவுன்சில் சேமிப்பைப் பற்றிப் பேச முடியாது. பென்ஷன் கிரெடிட்டுக்கோ மேல்வரம்பே கிடையாது. 10,000க்கு மேல் 500க்கு ஒரு பவுண்ட் என்ற அதே கணக்கை எவ்வளவு தூரமானாலும் ஓட்டிக்கொண்டே போவார்கள். கவுன்சிலின் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பவர்களில் சிலர் பக்கத்து வாசல் வழியாக உள்ளே போய்விடலாம்.

அன்றைக்கே தொலைபேசியில் விண்ணப்பித்தோம். தனியாளுக்குக் கியாரண்டி கிரெடிட்டின் அடிப்படை வாரம் 227.10. அம்மாவின் பென்ஷன் 171.30. உண்மையான 13,400ஐ மட்டும் எடுத்தால் அதற்கு 7 பவுண்ட்; மொத்தம் 178.30, கிடைக்க வேண்டியது 48.80. ஆனால் பணத்தைக் கைவிட்டது பற்றிய கேள்வியை அவர்களும் தனியாகக் கேட்பார்கள். டிசம்பரில் வந்த முடிவு இப்படி: கடன்கள், யாத்திரை பற்றிப் பிரச்சினை இல்லை, மகளுக்குக் கொடுத்த 30,000ஐ மட்டும் சேர்க்கிறோம். 43,400க்கு வாரம் 67 பவுண்ட். 171.30உடன் 238.30. அடிப்படையைவிட 11.20 கூடுதல். கியாரண்டி கிரெடிட் மறுப்பு.

பதினொரு பவுண்ட் இருபது பென்ஸ். மகள் அழுதுவிட்டார், தான் வாங்கிய காசுதானே என்று.

நான் அதற்கு மூன்று வாரம் முன்பே இன்னொரு படிவத்தை ஆரம்பித்திருந்தேன். முதல் நாளே அம்மா நாற்காலியிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்து, அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வாங்குகிறீர்களா அன்ரி என்று கேட்டேன். அது நோயாளிகளுக்கு எண்டார்களே என்றார். அது ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களில், உடம்பைக் கவனிப்பதற்கு ஆறு மாதமாவது மற்றவர் உதவி தேவைப்பட்டவர்களுக்கு. வருமானமோ சேமிப்போ பார்ப்பதில்லை. உதவி கிடைக்க வேண்டும் என்பதுகூட இல்லை, தேவை இருந்தால் போதும். தொலைபேசியில் படிவம் கேட்ட தேதியே விண்ணப்பத் தேதி, ஆறு வாரத்துக்குள் நிரப்பி அனுப்பினால். பின்தேதி கிடையாது என்பதால் அன்றைக்கே கூப்பிட்டுக் கேட்டோம். பிறகு யோசித்தால், இந்த வழக்கில் எங்களைக் காப்பாற்றியது அந்தப் பத்து நிமிட அழைப்புதான்.

படிவம் நிரப்புவது சும்மா வேலை இல்லை. குளிப்பீர்களா? "நானே குளிப்பன்." வாரத்துக்கு எத்தனை நாள்? "ரெண்டு நாள். மகள் வாற நாள்." மற்ற நாள்? "விழுந்திடுவன் எண்டு பயம்." காலுறை? "இப்ப போடுறேல்லை." ஏன்? "குனிய ஏலாது." சமையல்? "நானே சமைப்பன், அரிசிப் பானையை மட்டும் வடிக்கேலாது, அதால பாண்தான்." எல்லாம் நானே செய்வேன் என்று சொல்லிச் சொல்லியே நம் அம்மாக்கள் இந்தப் படிவங்களில் தோற்கிறார்கள். அந்த "மட்டும்"களைத்தான் ஒவ்வொன்றாக எழுதினோம், நாள், நேரம், விழுந்த தேதிகளோடு.

ஜனவரி கடைசியில் குறைந்த விகிதம் கிடைத்தது, வாரம் 73.90, படிவம் கேட்ட நாளிலிருந்து. இந்தப் பணத்தைப் பென்ஷன் கிரெடிட்டில் வருமானமாக எடுப்பதில்லை. அதோடு, இதைப் பெறுகிறவர் தனியாக வாழ்ந்து, அவரைப் பராமரிப்பதற்காக வேறு யாரும் கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான உதவித்தொகை) போன்றது வாங்கவில்லையென்றால், கியாரண்டி கிரெடிட்டின் அடிப்படையோடு கடும் ஊனத்துக்கான கூடுதல் 82.90 சேரும். 227.10 இப்போது 310 ஆயிற்று. கருதப்பட்ட வருமானம் பழைய 238.30தான். மகளின் 30,000ஐ அப்படியே சேர்த்தே வைத்துக்கொண்டாலும், வாரம் 71.70 கியாரண்டி கிரெடிட். உடனே மறுபடி விண்ணப்பித்தோம். பிப்ரவரி நடுவில் முடிவு வந்தது, நவம்பர் கடைசியிலிருந்து செல்லும்படி.

அந்தக் கடிதத்தின் நகலோடு கவுன்சிலுக்குப் புதிய விண்ணப்பம் போனது. சேமிப்புப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. வாடகை வாரத்துக்கு 288.46, அந்தப் பகுதியில் ஒற்றைப் படுக்கையறைக்குத் தனியார் வாடகையின் உச்சவரம்பு அதைவிட இருபது பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அந்த வரம்புவரை முழுதாகக் கிடைத்தது. கவுன்சில் வரிக் கழிவும் கூடவே வந்தது. மிச்ச வாடகையை அம்மா தானே கட்டுகிறார். பென்ஷன், கியாரண்டி கிரெடிட், அலவன்ஸ் மூன்றும் சேர்த்து வாரம் 316.90 கையில் வருவதால் அது பெரிய பாரமில்லை.

யாழ்ப்பாணத்து வளவு

இடையில் ஒரு தலைவலி. பென்ஷன் கிரெடிட் விண்ணப்பத்தில், வெளிநாட்டில் சொத்து இருக்கிறதா என்ற கேள்வி. அம்மா "இல்லை" என்றார். மகள் மெதுவாக, "அம்மம்மாவின்ர வளவு?" என்றார். வடமராட்சியில் தாய்வழிக் காணி, பாதி இடிந்த வீடு, மூன்று சகோதரங்களின் பெயரில் உறுதி (காணிப் பத்திரம்). "அது என்னத்துக்கு, அதில தங்கச்சிதானே இருக்கிறா" என்பது அம்மாவின் வாதம்.

எழுதியே ஆக வேண்டும் என்றேன். வெளிநாட்டுச் சொத்தும் சேமிப்புக் கணக்கில் வரும், கூட்டுச் சொத்தென்றால் தன் பங்கின் சந்தை மதிப்பு வரும். மறைத்து, பிறகு தெரிந்தால், வாங்கியது அத்தனையையும் திருப்பிக் கட்ட வேண்டும், வழக்கும் வரலாம். ஆனால் அம்மா சொன்ன வாதத்திலேயே விடை இருந்தது. பென்ஷன் கிரெடிட் வயதைத் தாண்டிய உறவினர் ஒருவர் தன் வீடாகக் குடியிருக்கும் இடத்தைச் சேமிப்பில் சேர்ப்பதில்லை. தங்கைக்கு 70 வயது. கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழும் உறுதியின் நகலும் மொழிபெயர்ப்போடு போயின. ஏற்றுக்கொண்டார்கள். தங்கை இல்லாமல் வளவு பூட்டிக் கிடந்திருந்தால் இந்தக் கட்டுரை இன்னும் நீண்டிருக்கும்.

என்ன மிச்சம்

கவுன்சிலின் மறுபரிசீலனை முடிவு பிப்ரவரி கடைசியில் வந்தது. சித்தப்பா, சீட்டு, யாத்திரை மூன்றையும் விட்டுவிட்டார்கள், 30,000ஐ விடவில்லை. 43,400 இன்னும் 16,000க்கு மேல்தான். அதனால் முன்வாடகை முடிந்த அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசிவரை ஆறு வார வாடகை, ஏறக்குறைய 1,730 பவுண்ட், அம்மாவின் சேமிப்பிலிருந்தே போனது.

தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றேன். குடும்பம் வேண்டாம் என்றது. 1,730க்காக இன்னொரு வருடம் கடிதம் எழுத முடியாது என்றார் மகள். எனக்கு அதில் உடன்பாடில்லை, இப்போதும் இல்லை. பணத்தைவிட அந்த முடிவு பதிவில் நிற்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்று அம்மாவின் வாடகை முழுதும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற ஒரே தூணில் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் 28 நாளுக்கு மேல் படுத்தால் அது நிற்கும். அது நின்றால் 82.90 போகும், அது போனால் கியாரண்டி கிரெடிட் போகும், அப்போது கவுன்சில் அந்த 30,000ஐத் திரும்ப எடுத்து மேசையில் வைக்கும். கருதப்பட்ட தொகை காலப்போக்கில் குறைந்துகொண்டே வரும் என்று விதி இருக்கிறது, ஆனால் அது ஊர்ந்து போகிற கணக்கு.

இதே காரணத்துக்காக இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவைத்தேன். மகன் வீட்டுச் சண்டையில் அம்மாவின் சோபாவில் வந்து குடியேறிவிடக் கூடாது. வளர்ந்த பிள்ளை ஒருவர் கூட வாழத் தொடங்கினால் தனியாள் என்ற நிலை போய்விடும். மகள், அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகக் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கினாலும் அதே 82.90 போகும். மகளின் சம்பளத்துக்கு அது எப்படியும் கிடைக்காது. ஆனால் யாராவது "சும்மா போட்டுப் பாருங்கோ" என்று சொல்வார்கள் என்பதால் சொல்லிவைத்தேன்.

இதெல்லாம் ஓய்வூதிய வயதைத் தாண்டியவருக்கு. அந்த வயது 66இலிருந்து, 2026க்கும் 2028க்கும் இடையில் படிப்படியாக 67 ஆகிறது. தாண்டாதவருக்கும், கணவன் மனைவியில் ஒருவர் இன்னும் தாண்டாதிருந்தாலும், பொதுவாக யூனிவர்சல் கிரெடிட்தான் (வேலை செய்யும் வயதினருக்கான உதவித்தொகை). அதில் 16,000 சுவருக்குப் பக்கத்தில் வாசல் கிடையாது.

மார்ச் முதல் வாரம் அம்மா தனியாக வந்தார், வடையோடு. கடிதங்களைச் சரிபார்த்தேன், எல்லாம் ஒழுங்கு. போகும்போது நின்று, "தம்பி, தங்கச்சியைப் பாக்க ஊருக்கு ஒரு மூண்டு மாசம் போய்வரலாம் எண்டு நினைக்கிறன்" என்றார்.

திரும்ப உட்காரச் சொன்னேன். நாட்டைவிட்டு நான்கு வாரத்துக்கு மேல் வெளியே இருந்தால் பென்ஷன் கிரெடிட்டும் ஹவுசிங் பெனிபிட்டும் நின்றுவிடும் என்று 2016 ஜூலையிலிருந்து விதி. அதற்கு முன் மூன்று மாதம் வரை விட்டிருந்தார்கள். அம்மா கைவிரலில் எண்ணினார். போகிற நாள், வருகிற நாள், நல்லூர்த் திருவிழா. "இருபத்தைஞ்சு நாள் திருவிழா" என்றார், "எல்லாம் பாத்திட்டு வரக் காணும்." மகளுக்குப் போன் செய்து, 26 நாளுக்கு டிக்கெட் போடச் சொன்னார்.